மஞ்சள் வைத்த டிஸ்க்

கல்யாண டிஸ்க்கின் மேல் அச்சடித்த மை காய்வதற்கு ஒரு முழு நாள் வேண்டும். பத்து நிமிடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். அது மேலே மட்டும். உள்ளே ஈரம் இருந்துகொண்டே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல டிஸ்க்குகளைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். கெடுத்தவற்றில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்த ஒன்று ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தது. பத்து வருடம் கழித்து எனக்கு நடக்க இருந்த ஒரே கல்யாணத்தையும் கெடுத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோயமுத்தூரில் காந்திபுரத்துச் சந்து ஒன்றில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் கடை. இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறேன். படம் பிடிப்பது ஒருவர், வெட்டி ஒட்டுவது ஒருவர். கடைசி வேலை என்னுடையது. வெள்ளை டிஸ்க்கை பிரிண்டரின் தட்டில் வைத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிற படத்தை அதன் மேல் அடித்து, காய வைத்து, மை கரையாமல் இருக்க மேலே லேக்கர் ஸ்பிரே அடித்து, மறுபடியும் காய வைத்து உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பக்கம் வருகிறவர்களோடு எனக்குப் பேச வராது. யாராவது ஏதாவது கேட்டால் காது சூடாகிவிடும். கடைக்காரரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "ஆளுங்ககிட்டத்தான் பேச மாட்டேங்கறான், டிஸ்க்குகிட்டயாவது பேசிட்டுக் கெடக்கட்டும்" என்று சொல்லி அவர் என்னைப் பின்னறைக்கு அனுப்பினார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

பின்னறையில் ஒரு பலகை வைத்திருந்தேன். அதில் தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு டிஸ்க் உட்காரும். அடிப்பக்கம் எதிலும் உரசாது. தூசி விழாமல் இருக்க, சோற்றுப் பாத்திரத்தை மூடுகிற வலைக் கூடைகளைக் கவிழ்த்து வைப்பேன். நேராக ஃபேன் காற்று படக்கூடாது, வெயிலும் கூடாது. அவசரத்துக்கு முடி காய வைக்கிற மிஷினைக் காட்டிப் பார்த்திருக்கிறேன். மேல்பூச்சு வெடித்துவிடும். லேக்கரைத் தள்ளி நின்று பனி மாதிரி ஒரு தடவை அடித்து, அது காய்ந்த பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மை காயும் முன்னால் அடித்தாலும், ஈரக் காற்றில் அடித்தாலும் படத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

டிஸ்க்கின் நடுவில் ஓட்டை இருக்கிறதே, அதுதான் படம் வைப்பதில் பெரிய தொந்தரவு. யாருடைய முகமும் அதில் விழக்கூடாது. அதனால் மாப்பிள்ளையை இடப்பக்கமும் பெண்ணை வலப்பக்கமும் தள்ளி வைப்பேன். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த இடத்தில் மையே அதிகம் விழாது. பெண்ணுக்குச் சிவப்புக் கூறைப்புடவை, தலை நிறையப் பூ, நகை. மை முழுவதும் அந்தப் பக்கம்தான் இறங்கும். எந்தக் கல்யாணமானாலும் பெண் பக்கம்தான் கடைசியாகக் காயும்.

பெருந்துறைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் தன் மகனின் கல்யாணத்தை எங்கள் கடையில் கொடுத்திருந்தார். டிஸ்க் எல்லாவற்றையும் ஆவணியில் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆனி மாதக் கடைசி நாளன்று காலையில் போன் செய்து, ஒன்று மட்டும் இன்றைக்கே வேண்டும் என்றார். அண்ணா உடனே என்னை அடிக்கச் சொன்னார். பத்து மணிக்கு அடித்து வைத்தேன். மூன்று மணிக்கெல்லாம் பெரியவர் வந்து முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடில மங்கலமானத கையில வாங்க முடியுங்களா? சாமிகிட்ட வெக்கறதுக்கு ஒண்ணு குடுத்துப்போடுங்க. மருமக நாளைக்கு வெடியால அவங்க அம்மா ஊட்டுக்குப் போறா. அதுக்குள்ள வெச்சுக் கும்பிட்டர்லாம்னு ஊட்டுல சொல்றாங்க."

"அதுக்கென்னங்க மாமா, இப்பவே தாட்டி உட்டர்றேன்" என்று சொல்லிவிட்டு அண்ணா பின்னறைக்கு வந்தார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதத்தில் வருகிற காற்று ஈரத்தோடு வரும். சந்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வலைக் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை காய்ந்திருந்தான். பெண்ணின் மேல் இன்னும் ஒரு பளபளப்பு இருந்தது.

"கையில ஒட்டுதா?" என்றார் அண்ணா.

"ஒட்டலைங்ணா. ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் பள்ளிக்கூடத்துலயே முடிச்சிருக்கோணும். நீ ஆனா சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆடி பொறந்துரும். எடு."

"லேக்கர் அடிக்கலைங்ணா."

"அடிச்சா பூத்துரும்னு நீதான சொல்லுவ? அடிக்காமயே குடு. சாமிகிட்டத்தான வெக்கப்போறாங்க. சாமி என்ன நோண்டியா பாக்கப் போகுது?"

அவர் முன்பக்கம் போனார். நான் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, தண்ணீர் படக்கூடாது, இரண்டு நாள் தொடக்கூடாது என்று எழுதினேன். உறைக்குள் வைத்துவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. எழுதிய பிறகு சந்தேகம் வந்தது. தண்ணீருக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா? எப்போதோ ஒரு டிஸ்க்கில் மாப்பிள்ளையின் பெயரில் சுழியை மாற்றிப் போட்டு, மண்டபம் முழுக்கச் சிரித்ததாக அண்ணா வந்து கத்தியிருந்தார். பெரியவர் படித்தவர் மாதிரி இருந்தார், சட்டைப் பையில் கண்ணாடி வைத்திருந்தார். அந்தச் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிஸ்க்கை மட்டும் உறையில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். நான் எழுதியது சரிதான். மூணு சுழிதான்.

ஒரு வாரத்தில் பெரியவர் திரும்ப வந்தார். ஒரு துண்டில் சுற்றி டிஸ்க்கைக் கொண்டுவந்து மேஜை மேல் பிரித்து வைத்தார். அண்ணா என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்போம். மஞ்சள் இல்லாத காகிதம் துக்கத்துக்கு வருவது. அந்த வீட்டு அம்மா டிஸ்க்குக்கும் அதைச் செய்திருக்கிறார். டிஸ்க்குக்கு மூலை ஏது? மேலே ஒன்று, கீழே ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று குழைத்த மஞ்சளைக் கட்டைவிரலால் வைத்திருக்கிறார். இடப்பக்கம் வைத்தது உயரமான மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. வெள்ளைச் சட்டை, மை இல்லாத இடம். ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் வைத்தது பெண்ணின் கன்னத்தில். அங்கே மஞ்சள் தண்ணீரும் மையும் கலந்து ஒழுகியிருந்தது. நெற்றிச்சுட்டி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே முகம் இல்லை.

"என்னுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணா கோபித்திருந்தால் அவரும் கோபித்திருப்பார்.

அண்ணா டிஸ்க்கைத் தொடவேயில்லை. "எங்க டிஸ்க்குல மை கரையவே கரையாதுங்க மாமா. நீங்க போன் பண்றதுக்கு முந்தின நாளே ஒண்ணு அடிச்சு, ஒரு நாள் பூராக் காய வெச்சு, மேல லேக்கர் அடிச்சுத்தான் வெச்சிருந்தோம். நம்பலைன்னா இவனக் கேளுங்க. பொய் சொல்லத் தெரியாது இவனுக்கு. பேசவே தெரியாது."

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது சூடானது.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப எம்பையன் மொகம் அப்படியே இருக்குதுங்களே. புள்ள மொகம் மட்டும் எப்படிங்க போகும்?"

"அது நம்ம கையில இல்லைங்க மாமா" என்று சொல்லி அண்ணா மேலே கையைக் காட்டினார்.

வேறு ஒன்று அடித்துத் தருகிறோம், இதை வைத்துவிட்டுப் போங்கள் என்று அண்ணா சொன்னதற்கு, "சாமிகிட்ட வெச்சதக் கடைல போட்டுட்டு வரக்கூடாதுன்னு ஊட்டுல சொல்லி உட்டாங்க" என்று பெரியவர் பழையபடி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆவணியில் மற்ற டிஸ்க்குகளை மூன்று தடவை லேக்கர் அடித்துக் கொடுத்தேன். ஒரு புகாரும் வரவில்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வருடங்கள் போயின. கடையில் டிஸ்க் குறைந்தது. இப்போது எல்லோருக்கும் பென்டிரைவ்தான். அதற்கும் மஞ்சள் வைக்கிறார்கள். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு வேலை பாதியாகி, முன்பக்கம் கூட்டுவது, கண்ணாடி துடைப்பது என்று ஆனது.

மேட்டுப்பாளையத்தில் இருக்கிற என் அக்காதான் எனக்குப் பெண் தேடினாள். எங்கள் ஊர்ப்பக்கம் என் மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெண் வீட்டில் என்ன படிப்பு என்று கேட்பார்கள், எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள், பையனைப் பேசச் சொல்லுங்கள் என்பார்கள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நாற்பது தாண்டியதும் அக்காவும் தேடுவதை விட்டுவிட்டாள் என்றுதான் இருந்தேன். போன வருடம் தை மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. பாக்கு மண்டியில் வேலை செய்கிற ஒரு அம்மா சொன்ன இடம். சத்தியமங்கலம். முப்பத்தாறு வயது, புருஷன் இறந்துவிட்டான், குழந்தை இல்லை. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. போட்டோ அனுப்பியிருந்தாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓட்டையில் முகம் விழக்கூடாது என்று பெரிதாக்கி, சிறிதாக்கி, நகர்த்திப் பார்த்த முகம். அந்த வருட ஆவணியில் எத்தனையோ டிஸ்க்கில் வரிசையாக மூடிகளின் மேல் உட்கார்ந்து காய்ந்த முகம்.

அக்கா போனில் சொல்லிக்கொண்டே போனாள். "ஒண்ணு மட்டும் இருக்குது சாமி. மறைக்கக் கூடாதல்ல. கல்யாணமாகி எட்டு மாசத்துல புருசன் வண்டில போய் உழுந்து போய்ட்டான். கல்யாண டிஸ்க்குல இவ மொகம் தானா அழிஞ்சபோதே எனக்குத் தெரியும்னு மாமியாக்காரி ஒறம்பரை சனத்துகிட்ட எல்லாம் சொல்லிப்போட்டா. புள்ளைய ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டாங்க. அந்தப் பக்கமெல்லாம் ‘மொகமழிஞ்சவ’ன்னுதான் பேராமா. எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால நிக்க உடறதில்லையாம். நமக்கு அதெல்லாம் எதுக்கு? டிஸ்க்குக்கும் சாவுக்கும் என்ன இருக்குது? நீயே டிஸ்க்கு போடறவன், உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க்கா" என்றேன். அந்த டிஸ்க் நான் அடித்தது என்று சொல்லவில்லை.

பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா, மாமா, நான் மூன்று பேரும் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அது மை காயாததுனாலங்க. அவ்வளவுதான். நாலு வார்த்தைகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டால் அவள் மேல் இருக்கிற பெயர் போய்விடும் என்று நினைத்தேன். அதைப் போக்கியவன் என்று என்னை அவளுக்குப் பிடித்துப்போகலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை.

அவள் அண்ணனுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. நல்ல வீடு. மிக்சர், வாழைப்பழம், டீ எல்லாம் வந்தது. அண்ணன் என் வேலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வீடியோ கடை என்றதும் தலையாட்டினார். "நம்ம சின்னப் புள்ளைங்களா என்ன, ரெண்டு பேரும் பேசிக்கட்டும்" என்று அக்கா சொல்ல, எங்களைப் பின்னால் அனுப்பினார்கள். துணி துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடம். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க பேச மாட்டீங்கன்னு உங்க அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றாள் அவள். "நானும் பேசலைன்னா பொழுதோட பால்காரரு வர்ற வரைக்கும் இப்படியே நிக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"எனக்கு ஒரு பேரு இருக்குது. சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"அது மை காயாததுனாலங்க" என்றேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மாதிரியே வந்துவிட்டது. "அந்த டிஸ்க்க நான்தான் அடிச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது முந்தானைக்குள்ளிருந்து டிஸ்க்கை எடுத்தாள். மாமியார் வீட்டில் அவள் துணிமணிகளோடு இதையும் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"இதானுங்களா?"

"இதானுங்க."

என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. மூடிப் பலகை, சிவப்பு மை, ஆனிக் காற்று, லேக்கர் பூப்பது, மூலை இல்லாத டிஸ்க்கில் மஞ்சள் எங்கே விழும் என்பது, சட்டைப் பையில் போட்ட சீட்டு, மூணு சுழி எல்லாம் சொன்னேன். தெரியாத ஊருக்கு வழி கேட்கிறவர்கள் கேட்பது மாதிரி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமனாரு கடைக்கு வந்தாரே, அப்ப என்ன சொன்னீங்க?"

"காய வெச்சுத்தான் குடுத்தோம்னு..."

"உங்க முதலாளி சொன்னாரா?"

"நானும் சொன்னேனுங்க. ஆமாங்கன்னு."

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "கடைக்காரங்க மேல தப்பு இல்லையாம்னு மாமனாரு வந்து சொன்னாருங்க. அதுவரைக்கும் அத்தை என்கிட்ட நல்லாத்தான் இருந்தாங்க." டிஸ்க்கை என் பக்கம் நீட்டினாள். "இதத் தொடச்சா போகுங்களா?"

அதை வாங்கி, முகம் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"போகாதுங்க. நல்லாக் காஞ்சிருச்சு."

"இப்பத்தான் காஞ்சுதாக்கும்" என்றாள். பிறகு சட்டென்று எழுந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "வாங்க. எங்க அண்ணன்கிட்ட இதச் சொல்லுங்க. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். "அண்ணா, இவங்க சொல்றத ஒருக்காக் கேளு" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் டிஸ்க்கை வைத்தாள். நான் சொன்னேன். பின்கட்டில் சொன்ன அளவுக்கு வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். மை காயவில்லை, லேக்கர் இல்லை, தப்பு என்னுடையது.

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நீங்கதான் அழிச்சீங்களா?"

"மை காயாததுதானுங்க..."

"அது என்னமோ இருக்கட்டுங்க. கை உங்க கைதானுங்க?"

"ஆமாங்க."

அண்ணனின் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "ஐயோ. மொதக் கல்யாணத்துல மொகத்த அழிச்ச கை. அதே கையிலயா மறுபடி தாலி வாங்கறது?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க அம்மணி இது" என்றாள் என் அக்கா. "மிஷின் மைக்கும் தாலிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லீங்கதான். கோயமுத்தூர்ல எத்தன கடை இருக்குது. அதுல அந்தக் கடை. ஊருல எத்தன மாப்பிள்ளை இருக்கறாங்க. அதுல இவரு. தேடிட்டு வருதுன்னா என்னங்க அர்த்தம்?"

"அப்ப அது சகுனம் இல்லைன்னுதானே ஆகுது?" என்று தங்கை கேட்டாள். அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, மை காயலைன்னு அடிச்சவரே வந்து சொல்றாரு."

"நீ உள்ள போ அம்மணி" என்றார் அண்ணன். பிறகு எங்களிடம், "தப்பா நெனைக்காதீங்க. கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க. பழம் சாப்பிடுங்க. நீங்க ஒண்ணுமே எடுக்கலைங்களே" என்றார். அந்த மரியாதையிலேயே தெரிந்துவிட்டது. அக்கா ஒரு பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் ஓரமாக வந்து நின்றாள். அவள் நம்பரைச் சொன்னாள். நான் போனில் குத்திக்கொண்டேன்.

"இது ஆகாதுங்க" என்றாள். "எனக்கே தெரியுது. ஆனா ஒண்ணு பண்ணுவீங்களா? பெருந்துறைக்குப் போய் எங்க அத்தைகிட்டச் சொல்ல முடியுங்களா? மாமனாரு போய்ட்டாரு. அத்தை மட்டும்தான். அவங்க வாயில இருந்து வந்ததுதான இது. அவங்களே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதே கம்பெனில அந்த ஊருப் பொம்பளைங்கதான் வேலை செய்யறாங்க. என்னக் கண்டா இப்பவும் சில பேரு பஸ்ஸுல தள்ளி உக்காருவாங்க."

"போறேனுங்க" என்றேன்.

பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரும்வரை அக்கா அந்தப் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். இறங்கும்போது, "நாப்பத்தஞ்சு வருசமா தொறக்காத வாய இன்னைக்குத் தொறந்தியே சாமி" என்றாள். இரண்டு நாளில் மண்டி அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் நாங்கள் கொடுக்கவேயில்லை.

அடுத்த வாரம் பெருந்துறைக்குப் போனேன். தோட்டத்து வீடு. பெரியவரின் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. பக்கத்தில் மகனின் படம். அந்தப் படத்தையும் எனக்குத் தெரியும். கல்யாணப் படத்திலிருந்து பெண்ணை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவன் தோளின் ஓரத்தில் சிவப்புப் பட்டு கொஞ்சம் தெரிந்தது.

அந்த அம்மா மெலிந்த ஆள். யார் என்ன என்று கேட்கும் முன்பே மோர் கொண்டுவந்து கொடுத்தார். "வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல குடிங்க தம்பி." குடித்துவிட்டுச் சொன்னேன். கடை, ஆனி கடைசி நாள், மை, நான் சொன்ன ஆமாங்க எல்லாம். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்ப நான் மஞ்சள் வெச்சதுதான் தப்புங்கறீங்களா தம்பி?"

"இல்லீங்க. நீங்க வெக்க வேண்டியதத்தான் வெச்சீங்க. நான் காய வெக்காமக் குடுத்ததுதான் தப்புங்க. அந்தப் புள்ள மேல ஒண்ணுமே இல்லீங்க."

"செரி." அவர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். மகனின் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அன்னைக்கு வெடியால இட்லி தின்னுபோட்டு, மத்தியானம் வந்தர்றேன்னு போனானுங்க. ரோடு நல்ல ரோடு. எதுக்கால ஒரு வண்டி இல்லையாமா. அவனாத்தான் உழுந்தானாமா. நான் எத்தனையோ பேரக் கேட்டுட்டேன். அந்த டிஸ்க்கு ஒண்ணுதான் எனக்குப் பதில் சொல்லுச்சு. இப்ப நீங்க வந்து அது மை காயலைங்கறீங்க." டம்ளரை முந்தானையால் துடைத்தார். "அப்ப எதுக்குங்க தம்பி எம்பையன் போனான்?"

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா?" என்றார். இரண்டாவது டம்ளரையும் குடித்தேன். வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க. மெயின் ரோட்டத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாருங்க" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். அவள் வேலை செய்கிற கம்பெனி அங்கிருந்து இரண்டு ஸ்டாப்தான். பின்னால் மிஷின் சத்தமும், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தமும் கேட்டன.

"போனீங்களா?"

"போனேனுங்க."

"முழுசாச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

"அத்தை என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மா கேட்ட கேள்வியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"மோர் குடுத்தாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் டேப் இழுக்கிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"அப்படிங்களா" என்றாள். "செரிங்க. இங்க சூப்பர்வைசர் வாராரு. வெச்சர்றேனுங்க."